சிகாகோ பார்த்தாச்சா? என்னத்தைப் பார்த்தீங்க!

டிஸ்கி: இந்தப் பதிவுல உள்குத்து எதுவும் கிடையாது. எல்லாமே வெளிக்குத்துதான். முதல் குத்து எனக்கே எனக்கு.

போன வாரம் ஒரு போன். பெங்களூர்ல ஆணி பிடுங்குற என் சித்தி பையன். ஆபீஸ் வேலையா டெட்ராய்ட் வர்றானாம், சனி ஞாயிறு மட்டும் சிகாகோ. "அண்ணா, ரெண்டு நாள்ல சிகாகோவை முடிச்சிரலாம்ல?"

முடிச்சிரலாமா! ஊரு என்ன பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி படிக்கிற பாடமா, முடிக்கிறதுக்கு? ஆனா அவனைத் திட்டி என்ன பிரயோஜனம். நம்மாளுங்க எழுதுற சிகாகோ பயணப் பதிவு ஒரு இருபதாவது படிச்சிருப்பேன். எல்லாம் ஒரே அச்சு. வில்லிஸ் டவர் 103வது மாடியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள நின்னு ஒரு படம். 'பீன்' முன்னாடி நின்னு, அதுல தெரியுற தன்னையே எடுத்துக்கிட்ட படம். நேவி பியர் ராட்டினம். ஆத்துல போட் சவாரி. டீப் டிஷ் பீட்ஸாவுல பாதியைத் தின்னுட்டு "ஒரே சீஸுப்பா, நமக்கு ஒத்துக்காது"ன்னு ஒரு தீர்ப்பு. சாயங்காலம் டெவான் அவென்யூவுல தோசை. வண்டி இருந்தா மறுநாள் காலையில அரோரா பாலாஜி கோயில், புளியோதரை. சுபம். கடைசி வரியில "மொத்தத்தில் சிகாகோ ஒரு அழகான நகரம்". யப்பா, இதைச் சொல்லவா பதினாலு மணி நேரம் ஃப்ளைட்ல வந்தீங்க?

நான் மட்டும் என்ன யோக்கியம்? 2007ல இருந்து இந்த ஊர்ப்பக்கம்தான் குப்பை கொட்டுறேன். ஊர்ல இருந்து யார் வந்தாலும் அதே வில்லிஸ் டவர், அதே பீன், அதே தோசை. டவர் மேல மட்டும் பதினோரு தடவை ஏறியிருக்கேன். லிஃப்ட்ல ஏறும்போது போடுற படத்துல அடுத்து என்ன வரும்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். அந்தக் கட்டடத்தோட எஞ்சினியர் ஃபஸ்லூர் ரஹ்மான் கான், டாக்காவுல பிறந்தவர். ஒன்பது சதுரக் குழாயைக் கத்தையா சேர்த்துக் கட்டின மாதிரி ஒரு அமைப்பை யோசிச்சது அவர்தான். அதனாலதான் 110 மாடி காத்தைத் தாங்கிக்கிட்டு நிக்குது. 1974ல கட்டி முடிச்சதுல இருந்து 1998 வரைக்கும் உலகத்துலயே உசரமான கட்டடம் அதுதான். நம்ம பக்கத்து ஊர்க்காரர் கட்டினதுன்னு பதினோரு தடவையில ஒரு தடவைகூட நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. எனக்கே தெரியாதே, எங்க இருந்து சொல்றது.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

2018 கோடையில அப்பா வந்திருந்தார். முதல் தடவை. கோயம்புத்தூர்ல ஒரு மில்லுல ஸ்பின்னிங்ல முப்பது வருஷம் வேலை பார்த்தவர். சங்கத்துலயும் இருந்தார். மில்லை மூடி எத்தனையோ வருஷம் ஆச்சு, இன்னும் சங்க ஆபீஸுக்குப் போய் பேப்பர் படிக்கலைன்னா அவருக்குப் பொழுது விடியாது. அவரையும் வழக்கம்போல டவர் மேல ஏத்தினேன். ஆளுக்கு இருபத்துச் சொச்சம் டாலர், வரிசையில ஒன்றரை மணி நேரம். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வர மாட்டேன்னுட்டார். தங்கமணியும் பசங்களும் உள்ள போய்ப் படம் எடுத்துக்கிட்டு இருந்தாங்க. அப்பா ஜன்னல் பக்கம் நின்னு கீழ பார்த்துக்கிட்டே கேட்டார்.

"ஏங் கண்ணு, மே தினம் வந்த ஊரு இதுதான? அந்த எடம் எங்கிருக்குது?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்படியெல்லாம் இங்க ஒண்ணும் இல்லீங்ப்பா."

தெரியலைன்னு சொல்லியிருந்தாகூடப் பரவாயில்லை. இல்லைன்னு சொன்னேன். பதினோரு வருஷம் இந்த ஊர்ல இருக்கிறவன், நமக்குத் தெரியாத ஒண்ணு இங்க எப்படி இருக்கும்ங்கிற திமிரு. அப்பா ஒண்ணும் பேசலை. தலையை ஆட்டிக்கிட்டார்.

ராத்திரி தூக்கம் வரலை. கூகிள்ல தேடினேன். டெஸ்ப்ளெயின்ஸ் தெரு, ராண்டால்ஃப் தெருவுக்கும் லேக் தெருவுக்கும் நடுவுல. ஹேமார்க்கெட் நினைவுச் சின்னம். நாங்க நின்ன டவர்ல இருந்து நடந்தா இருபது நிமிஷம். அது போகட்டும். நான் தினமும் ஆபீஸுக்கு ரயில்ல வந்து இறங்குற ஆகில்வி ஸ்டேஷன்ல இருந்து எவ்வளவு தூரம்? அஞ்சு ஆறு நிமிஷ நடை. பதினோரு வருஷமா அதுக்குப் பக்கத்துலயே காபி வாங்கிக் குடிச்சிருக்கேன். அவ்வ்வ்வ்...

மறுநாள் அப்பாவும் நானும் மட்டும் போனோம். டிக்கெட் கிடையாது, வரிசை கிடையாது, காவலுக்கு ஆள் கிடையாது. பிளாட்பாரத்து மேலயே செம்பழுப்பு நிறத்துல ஒரு வெண்கலச் சிலை. ஒரு மாட்டு வண்டி மாதிரி வண்டி, அது மேல நின்னு பேசுற ஆள், சுத்தி ஆளுங்க. முகம் எதுவும் தெளிவா இருக்காது, வேணும்னே அப்படிச் செஞ்சிருக்காங்க. 2004ல மேரி பிராகர்ங்கிற சிற்பி செஞ்சது. பீடத்துல பல நாட்டுத் தொழிற்சங்கங்கள் வந்து பதிச்சுட்டுப் போன தகடுகள். பக்கத்துல கார் போய்க்கிட்டே இருக்கு, ஒரு பொண்ணு நாயைக் கூட்டிக்கிட்டு நடக்குது, யாரும் திரும்பிப் பார்க்கலை.

அப்பாவுக்கு நான் ஒவ்வொண்ணா படிச்சுச் சொன்னேன். முந்தின ராத்திரி படிச்சதையும் சேர்த்து. 1886 மே 1, எட்டு மணி நேர வேலை கேட்டு அமெரிக்கா முழுக்க வேலைநிறுத்தம். மே 3, இந்த ஊர் மெக்கார்மிக் ஆலை வாசல்ல போலீஸ் சுட்டு ஆள் செத்தது. அதைக் கண்டிச்சு மே 4 ராத்திரி இங்க கூட்டம். ஒரு வண்டி மேல நின்னுதான் பேசினாங்க. மழை வர்ற மாதிரி இருந்ததுல பாதிக் கூட்டம் கலைஞ்சு போச்சு. போலீஸ் வந்து கலையச் சொன்னப்ப யாரோ குண்டு வீசிட்டாங்க. போலீஸும் சுட ஆரம்பிச்சிருச்சு. ஏழு போலீஸ்காரங்களும் குறைஞ்சது நாலு தொழிலாளிங்களும் செத்துப்போனாங்க.

"குண்டு போட்டது யாரு?"

"இன்னைக்கு வரைக்கும் தெரியலீங்ப்பா."

"அப்பறம் எப்படித் தூக்குல போட்டாங்க?"

அதுக்குப் பதில் இல்லைங்க. எட்டுப் பேர் மேல வழக்கு. குண்டு வீசினதா அவங்க யார் மேலயும் நிரூபிக்கலை, பேசினதையும் எழுதினதையும் வெச்சே தண்டனை. 1887 நவம்பர் 11, நாலு பேருக்குத் தூக்கு: ஆகஸ்ட் ஸ்பைஸ், ஆல்பர்ட் பார்சன்ஸ், அடால்ஃப் பிஷர், ஜார்ஜ் எங்கல். லூயிஸ் லிங் முந்தின நாளே ஜெயில்ல செத்துட்டார். மிச்சம் மூணு பேரை 1893ல ஆல்ட்கெல்ட்ங்கிற கவர்னர், விசாரணையே முறையா நடக்கலைன்னு சொல்லி விடுதலை பண்ணினார்.

"நாலு பேரா?" அப்படின்னார் அப்பா. "நம்ம சின்னியம்பாளையத்துலயும் நாலு பேரு."

கோயம்புத்தூர்க்காரங்களுக்குத் தெரியும். தெரியாதவங்களுக்கு: ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன். மில் தொழிலாளிங்க. 1946 ஜனவரி 8 அன்னைக்கு கோவை ஜெயில்ல ஒரே நாள்ல தூக்குல போட்டாங்க. அப்பா பிறக்கிறதுக்கு முன்னாடி நடந்தது. ஆனா மில்லுக்குள்ள பெரியவங்க சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர். அந்த நாலு பேரையும் இந்த நாலு பேரையும் ஒரே மூச்சுல சேர்த்துச் சொல்லிட்டு, செருப்பைக் கழட்டி ஓரமா விட்டுட்டு, அந்தப் பிளாட்பாரத்துல கையைக் கட்டிக்கிட்டு நின்னார். நாயோட போன பொண்ணு அப்பதான் திரும்பிப் பார்த்துச்சு.

சரி, கொசுவத்தி போதும். சண்டைக்கு வர்றேன்.

மே தினத்தை இந்தியாவுல முதல்ல கொண்டாடினது யாரு? நம்ம சிங்காரவேலர், 1923ல, மெட்ராஸ்ல. மெரினாவுல உழைப்பாளர் சிலை 1959ல இருந்து நிக்குது. அது முன்னாடி படம் எடுக்காத ஆள் நம்மள்ல உண்டா? மே 1 லீவு விட்டா டிவியில சிறப்புத் திரைப்படம் பார்க்காத ஆள் உண்டா? இத்தனைக்கும் காரணமான தெருமுனை சிகாகோவுல இருக்கு, அங்க நம்மாளுங்க போறதில்லை. அமெரிக்காக்காரன் மறந்துட்டான்னா அதுலயாவது ஒரு நியாயம் இருக்கு. அவன் தொழிலாளர் தினத்தை 1894லயே செப்டம்பருக்குத் தள்ளிக்கிட்டான். இதே இடத்துல 1889ல செத்துப்போன போலீஸ்காரங்களுக்குச் சிலை வெச்சான், அதை 1969லயும் 1970லயும் ரெண்டு தடவை குண்டு வெச்சுத் தகர்த்தாங்க, கடைசியில தூக்கிட்டுப் போயிட்டாங்க. தொழிலாளி பக்கத்துக்கு அந்தத் தெருவுல ஒரு சிற்பம் வர 2004 ஆச்சு. அவனுக்கு அது சங்கடம், புரியுது. நமக்கு என்ன சங்கடம்?

என் குற்றச்சாட்டு இதுதான். நாம ஊர் பார்க்கப் போறப்ப அந்த ஊர் விக்கிற சாமானை மட்டும் வாங்கிட்டு வர்றோம். நமக்கும் அந்த ஊருக்கும் என்ன கணக்குன்னு கேட்கிறதே இல்லை. எங்கப்பா அதைத்தான் கேட்டார். இங்கிலீஷ் சரியா வராத, வாழ்க்கையில முதல் தடவையா விமானம் ஏறின மனுஷன், ஒரே நாள்ல கேட்டார். எனக்குப் பதினோரு வருஷத்துல தோணலை.

"நாங்க ஆர்ட் இன்ஸ்டிடியூட் எல்லாம் போனோமே, விவேகானந்தர் பேசின இடம்"னு பின்னூட்டத்துல யாராவது வருவீங்க. வாங்க வாங்க. வாசல்ல இருக்கிற வெண்கலச் சிங்கத்தோட படம், விவேகானந்தர் பேர்ல இருக்கிற தெருப் பலகையோட படம், அப்புறம் கால் வலிக்குதுன்னு வெளிய. கரெக்டா? 1893 செப்டம்பர் 11ல அவர் பேசினார், சரி. அவரை இங்க அனுப்பி வெச்சது யாரு? திருவல்லிக்கேணி அளசிங்கப் பெருமாள்ங்கிற பள்ளிக்கூட வாத்தியார் வீடு வீடா ஏறி நன்கொடை பிரிச்சார். அதை எந்தப் பயணப் பதிவுலயாவது படிச்சிருக்கீங்களா? 2010ல ஜிதிஷ் கல்லட்ங்கிற மும்பை ஓவியர், அந்தப் பேச்சு முழுசையும் அந்தக் கட்டடத்தோட பெரிய மாடிப்படியில விளக்கு எழுத்தா எரிய விட்டார். அமெரிக்கா தீவிரவாத அபாயத்துக்கு அப்ப அறிவிச்சுக்கிட்டு இருந்த அஞ்சு வண்ணத்துல. மத சகிப்புத்தன்மை பத்தின பேச்சு, செப்டம்பர் 11, அந்த வண்ணம். அந்தப் படிக்கட்டுல ஏறினவங்க ஒவ்வொரு படியா நின்னு வாசிச்சுக்கிட்டே போனாங்க. நான் அப்ப இந்த ஊர்லதான் இருந்தேன். போகலை. அந்த வருஷம் அதே சிங்கங்களுக்கு பிளாக்ஹாக்ஸ் ஐஸ் ஹாக்கியில ஜெயிக்கணும்னு ஹெல்மெட் மாட்டி விட்டாங்க, அதை மட்டும் போய்ப் பார்த்துப் படம் எடுத்தேன் :-)

இன்னொண்ணு சொல்றேன். அந்த மியூசியத்துக்குள்ள ஆசியப் பகுதியில ஒரு கருங்கல் புத்தர் இருக்கார். உட்கார்ந்த கோலத்துலயே அஞ்சடிக்கு மேல உசரம். 12ஆம் நூற்றாண்டு. ஊர் நாகப்பட்டினம். நம்ம நாகப்பட்டினமேதான்! பொன்னியின் செல்வனைப் பத்தி மாஞ்சு மாஞ்சு எழுதுற மக்களே, அருள்மொழிவர்மன் ஜுரத்தோட படுத்துக்கிடந்த சூடாமணி விகாரம் எந்த ஊருன்னு ஞாபகம் இருக்கா? ஸ்ரீவிஜய ராஜா கட்டினது, ராஜராஜன் காலத்துல. அந்த ஊர்ல பௌத்தம் இருந்ததுக்குச் சாட்சி ஒண்ணு மிச்சிகன் ஏரிக்கரையில உட்கார்ந்திருக்கு. இவர் எப்படி இங்க வந்து சேர்ந்தாருன்னு எனக்கும் கேள்வி இருக்கு. கோவிக்கணும்னாலும் சரி, கும்பிடணும்னாலும் சரி, முதல்ல அவர் முன்னாடி போய் நிக்கணுமா இல்லையா? அப்பா ரொம்ப நேரம் நின்னார். "கல்லு நம்மூருக் கல்லுதான்"னார். அவ்வளவுதான் அவரோட கலை விமர்சனம். எனக்கு அதுவே போதுமா இருந்துச்சு.

அடுத்தது விளையாட்டு. இங்கதான் நம்மாளுங்க வாய் கிழியும். "பேஸ்பாலா? கிட்டிப்புள்ளை உல்டா பண்ணி வெச்சிருக்கான்." "அவங்களுக்குள்ளயே ஆடிக்கிட்டு வேர்ல்ட் சீரிஸ்னு பேரு." ஒரு ஆட்டம் முழுசா பார்க்காம இதைச் சொல்லுவோம். நானும் சொன்னவன்தான். அஞ்சு நாள் உட்கார்ந்து டிரா ஆகுற மேட்சைப் பார்க்கிற சாதிக்கு, மூணு மணி நேரம் பொறுமை இல்லையாம்.

ரிக்லி ஃபீல்ட் 1914ல கட்டினது. எல்லைச் சுவத்துல 1937ல நட்ட கொடி இன்னும் படர்ந்து கிடக்கு. பந்து அந்தக் கொடிக்குள்ள மாட்டிக்கிட்டா அதுக்குத் தனி விதி. ராத்திரி ஆட்டத்துக்கு விளக்கு போட்டதே 1988 ஆகஸ்ட்லதான், அதுவும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க வருஷக்கணக்கா சண்டை போட்டு, அதுக்கப்புறம். ஸ்கோர் பலகை இன்னும் கையாலதான் மாத்துறாங்க. உள்ள ஆள் இருந்து தகடை மாட்டுவாங்க. அப்பாவைக் கூட்டிட்டுப் போனப்ப, எனக்குத் தெரிஞ்ச அரைகுறை விதியெல்லாம் விளக்கிட்டு இருந்தேன். அவர் ஆட்டத்தையே பார்க்கலை. அந்தப் பலகையையே பார்த்துக்கிட்டு இருந்தார். "உள்ள எத்தன பேரு கண்ணு?" "மூணு பேர் இருப்பாங்க போலீங்ப்பா." கொஞ்ச நேரம் கழிச்சு, "அவிய சோத்துக்கு எப்ப எறங்குவாங்க?" எட்டு மணி நேர வேலைக்காக நின்ன ஆளு, வேற என்ன கேட்பார்!

இதே மைதானத்துல நான் பார்த்த ஒரு விஷயம் சொல்லணும். கப்ஸ் அணி 1908ல ஜெயிச்சது, அப்புறம் 108 வருஷம் கோப்பை கிடையாது. 2016 நவம்பர்ல ஜெயிச்சாங்க. அந்த வாரம் மைதானத்து வெளிச் செங்கல் சுவர் முழுக்க ஜனங்க சாக்பீஸால பேர் எழுதினாங்க. தன் பேர் இல்லை. செத்துப்போன அப்பா பேர், தாத்தா பேர், பாட்டி பேர். இந்த நாளைப் பார்க்காம போனவங்க பேர். கைக்கு எட்டுற உசரம் முழுக்க எழுதித் தீர்ந்ததும் ஒருத்தர் தோள் மேல ஒருத்தர் ஏறி எழுதினாங்க. ஏணி கொண்டுவந்தவங்களும் உண்டு. ஒரு கிழவர், கை நடுங்க, ரெண்டு பேர் எழுதிட்டு அந்த எழுத்து மேலயே கையை வெச்சுக்கிட்டு நின்னார். நம்ம ஊர்ல ஆடி அமாவாசைக்கு ஆத்தங்கரையில நிக்கிற முகம். கலாச்சாரம்னு தனியா ஒரு பெட்டி, விளையாட்டுன்னு தனியா ஒரு பெட்டின்னு பிரிச்சு வெச்சிருக்கிற சுற்றுலா கையேட்டையெல்லாம் அன்னைக்கே தூக்கிப் போட்டுட்டேன்.

புல்லரிச்சுப் போய் நிறுத்திடக் கூடாதுன்னுதான் அடுத்ததையும் சொல்றேன். அதே கப்ஸ் அணியில 1953 செப்டம்பர் வரைக்கும் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட கிடையாது. எர்னி பேங்க்ஸ்தான் முதல் ஆள். இன்னைக்கு வாசல்ல அவருக்குச் சிலை. அதுக்கு முன்னாடி கறுப்பின வீரர்கள் தங்களுக்குன்னு தனி லீக் வெச்சு, 1933ல இருந்து வருஷா வருஷம் தெற்குப் பக்கத்து காமிஸ்கி பார்க்ல நட்சத்திர ஆட்டம் ஆடினாங்க. நாடு முழுக்க இருந்து ரயிலேறி வந்து பார்த்தாங்களாம்.

தெற்குப் பக்கம்னதும் நம்மாளுங்க முகம் மாறும் பாருங்க. "சவுத் சைடா? ஐயையோ, அங்கெல்லாம் போகாதீங்க." இதைச் சொல்லாத தமிழ்க் குடும்பம் இந்த ஊர்ல நான் பார்த்ததில்லை. எனக்கும் வந்த முதல் வாரமே ஒரு அண்ணாச்சி காதுல ஓதினார். அந்தப் பக்கம் குற்றம் இருக்கா? சில பேட்டைகள்ல நிறையவே இருக்கு. அது அங்க வாழுறவங்களோட துயரம். ஆனா நாம சொல்ற "போகாதீங்க" அந்தக் கணக்கைப் பார்த்துச் சொல்றதில்லை. பட்டப்பகல்ல, குழந்தைகளோட மியூசியம் போறதுக்கும் அதே "போகாதீங்க"தான். ஊர்ல "அந்தத் தெருவுக்குள்ள போகாத"ன்னு பாட்டி சொல்லுவாங்களே, அதே குரல். கடல் தாண்டி வந்தும் அந்தக் குரலை மட்டும் பத்திரமா மூட்டை கட்டிக் கொண்டு வந்திருக்கோம். இதுல என்ன நுண்ணரசியல், அப்பட்டமான அரசியல்தான்.

இந்த ஊர்ல முதல்ல வந்து குடியேறின வெளி ஆளே கறுப்பர்தான். பாயிண்ட் டு சாபிள். 2021ல நீங்க கார்ல பறக்கிற லேக் ஷோர் டிரைவுக்கே அவர் பேரைச் சேர்த்தாங்க. அவர் பேர்ல வாஷிங்டன் பார்க்ல ஒரு மியூசியம் இருக்கு. 1961ல மார்கரெட் பரோஸ்ங்கிற டீச்சரும் அவர் கணவரும் தங்கள் வீட்டு ஹால்ல ஆரம்பிச்சது. கறுப்பின மக்கள் வரலாற்றைச் சொல்ல ஆள் இல்லைன்னு வீட்டையே மியூசியமாக்கின பொம்பளை! தெற்கு மிச்சிகன் அவென்யூ 2120ஆம் நம்பர் கட்டடம், செஸ் ரெக்கார்ட்ஸ் இருந்த இடம். மிசிசிப்பியில பருத்திக் காட்டுல வேலை பார்த்துட்டு ரயிலேறி வந்த மடி வாட்டர்ஸ் இந்தக் கம்பெனிக்குத்தான் பாடினார். அவர் பாட்டு ஒண்ணோட தலைப்புதான் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்கே பேர் ஆச்சு. அவங்க 1964ல லண்டன்ல இருந்து இந்த வாசலைத் தேடி வந்து ரெக்கார்ட் பண்ணிட்டுப் போனாங்க. நமக்குத்தான் அது போகக்கூடாத பக்கம்.

நீங்க பசங்களைக் குளிக்க விடுற அந்த ஏரிக்கரை இருக்கே. 1919 ஜூலை 27, 29வது தெருப் பக்கத்துல யூஜீன் வில்லியம்ஸ்னு 17 வயசுப் பையன், தண்ணிக்குள்ள யாரும் போடாத ஒரு கோட்டைத் தாண்டி வெள்ளைக்காரங்க பக்கம் மிதந்து போயிட்டான். கல்லால அடிச்சாங்க. முங்கிச் செத்தான். அதுல வெடிச்ச கலவரத்துல 38 பேர் செத்தாங்க. தண்ணிக்குக் கோடு போடுறது பத்தி நமக்கு யாரும் பாடம் எடுக்கணுமா? நம்ம ஊர்க் குளத்துக்கும் கிணத்துக்கும் போட்டது என்ன?

இன்னும் தெக்கால போனா ஹைட் பார்க், சிகாகோ பல்கலைக்கழகம். 1962ல ஏ.கே. ராமானுஜன் அங்க ஹார்ப்பர் நூலக நிலவறையில பழந்தமிழ் இலக்கணப் புத்தகம் ஒண்ணு தேடிப் போனவர், உ.வே.சா. 1937ல பதிப்பிச்ச குறுந்தொகையைக் கண்டெடுத்தார். நம்ம தமிழ்த் தாத்தா ஊர் ஊரா ஓலைச்சுவடி தேடினார். அவர் அச்சுல போட்ட புத்தகம் சிகாகோ நிலவறையில தூசியோட ஒருத்தருக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கு. அதுல இருந்து 1967ல அவர் மொழிபெயர்ப்பு வந்துச்சு, உலகத்துக்குச் சங்கப் பாட்டு தெரிஞ்சுச்சு. 2019ல பத்தாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு இங்க ஷாம்பர்க்ல நடந்தப்ப என் வீட்டுல மூணு விருந்தாளி. மூணு பேரையும் எங்க கூட்டிட்டுப் போனேன்னு நினைக்கிறீங்க? அவங்களே கேட்டாங்க சார், வில்லிஸ் டவர்தான் வேணும்னு. ஹார்ப்பர் பேரைச் சொன்னேன், "டைம் இருந்தா பார்ப்போம்"னாங்க. நானும் வற்புறுத்தலை. அந்தக் குற்றத்தையும் என் கணக்குலயே எழுதிக்கோங்க.

"ரெண்டு நாள் லீவுல வர்றவனுக்கு இவ்வளவு பாடமா? ஜாலியா சுத்த விடுப்பா"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. நான் டவர் மேல ஏறாதேன்னு சொல்லலை. பீன்ல முகம் பார்க்காதேன்னும் சொல்லலை. அதுவும் மும்பையில பிறந்த அனிஷ் கபூர் செஞ்சதுதான். 168 ஸ்டீல் தகடை ஒட்ட வெச்சு, ஒட்டின இடம் கண்ணுக்கே தெரியாத அளவுக்குத் தேய்ச்சுப் பளபளப்பாக்கின தொழிலாளிங்களை நினைச்சா அதுவும் பார்க்க வேண்டிய சாமான்தான். நான் கேட்கிறது ஒரு மணி நேரம். பீட்ஸாவுக்கு வரிசையில நிக்கிற நேரம். குழந்தைங்க போரடிக்கும்னு ஒரு சாக்கு சொல்லுவீங்க. என் பையனுக்கு அப்ப ஒன்பது வயசு. டவர் மேல எத்தனை மாடி இருந்துச்சுன்னு இப்பக் கேட்டா தெரியாதுங்கிறான். தாத்தா எதுக்கு ரோட்டுல செருப்பைக் கழட்டினார்னு அன்னைக்கு ராத்திரி நான் சொன்னது முழுசா ஞாபகம் இருக்கு.

சித்தி பையனுக்கு நேத்து இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாத்தான் கேட்டான். கேட்டுட்டு, "சரிண்ணா, ஆனா ஸ்கைடெக் டிக்கெட் ஆன்லைன்ல புக் பண்ணிட்டேன், கேன்சல் பண்ண முடியாது"ன்னான். போடா, போய் ஏறிட்டு வா. சாயங்காலம் கீழ வாசல்ல நிக்கிறேன், ஷூ போட்டுட்டு வா, இருபது நிமிஷம் நடக்கணும்னு சொல்லியிருக்கேன்.

பி.கு. 1: தூக்குல போட்டவங்களைப் புதைச்ச இடம் ஃபாரஸ்ட் ஹோம் கல்லறைத் தோட்டம். புளூ லைன் ரயில்ல கடைசி ஸ்டாப் ஃபாரஸ்ட் பார்க். 1893ல வெச்ச நினைவுச் சின்னம் அங்க இருக்கு. அப்பா அங்கயும் வந்தார்.

பி.கு. 2: டவர் மேல ஒரு படத்துக்கும் நிக்காத மனுஷன், டெஸ்ப்ளெயின்ஸ் தெருவுல அவரே கேட்டார், "ஒரு போட்டோ புடி கண்ணு, சங்கத்துல காட்டோணும்." பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். போன தடவை ஊருக்குப் போனப்ப பார்த்தேன், சங்க ஆபீஸ்ல காலண்டருக்குப் பக்கத்துல மாட்டியிருக்காங்க. கீழ யாரோ பேனாவுல 'சிக்காகோ'ன்னு எழுதியிருக்காங்க.